நகர்த்தாமல் இருக்க முடிந்தால் பிழைத்திருப்பேன்

3 மே 2025, மாலை 6.40 (வாசகர் கேள்வி)

இன்று ஒரு ஓப்பன் டோர்னமென்ட். எனக்குக் கறுப்பு. கடைசியில் மிஞ்சியது ரெண்டு ராஜா, ரெண்டு சிப்பாய். வெள்ளைச் சிப்பாய் இ4, என் சிப்பாய் இ5 (எழுத்து மேல்கீழ் வரிசை, ஏ முதல் ஹெச் வரை; எண் குறுக்கு வரிசை, 1 முதல் 8 வரை). வெள்ளை ராஜா டி5, என் ராஜா எஃப்4. என் முறை. எங்கே போனாலும் இ5 காலி. எந்தக் காயையும் பத்திரமாக நகர்த்த முடியவில்லை என்றால் அது ஸ்டேல்மேட், டிரா என்றுதான் நினைத்திருந்தேன். ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட்டேன். "ஆடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யார் சொல்வது சரி? இந்த நிலைக்குப் பெயர் என்ன?

3 மே, இரவு 9.15

ஆர்பிட்டர் சொன்னதுதான் சரி. ஸ்டேல்மேட் என்றால் ராஜாவுக்குச் செக் இருக்கக்கூடாது, அதே நேரம் விதிப்படி நகர்த்த ஒரு காய்கூட இருக்கக்கூடாது. உங்கள் ராஜாவுக்கு இ3, எஃப்3, ஜி3, ஜி4, ஜி5 என்று ஐந்து கட்டங்கள் திறந்தே இருக்கின்றன. ஐந்துமே உங்களைத் தோற்கடிக்கும், அவ்வளவுதான். விதி "முடியுமா" என்று மட்டும் கேட்கும். "நல்லதா" என்று கேட்காது.

இதற்குப் பெயர் ஸுக்ஸ்வாங். ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர். நகர்த்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயமே ஆளைக் கவிழ்க்கிற நிலை. நம் கிளப்பில் "மூவ் தீர்ந்துபோச்சு" என்போம். அதுவும் இதுவும் ஒன்றுதான்.

ஆனால் எனக்கு உங்கள் கடைசி நிலையைவிட அதற்கு முந்தைய நகர்த்தல்தான் முக்கியமாகப் படுகிறது. எஃப்4க்கு எங்கிருந்து வந்தீர்கள்?

3 மே, இரவு 10.50

ஜி4இலிருந்து வந்தேன், வெள்ளை ராஜா அப்போது சி5இல் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது நீங்கள் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம்.

பலகையை எடுத்து வையுங்கள். வெள்ளை ராஜா சி5, சிப்பாய் இ4. கறுப்பு ராஜா ஜி4, சிப்பாய் இ5. கறுப்பின் முறை. நீங்கள் நேராக எஃப்4க்குப் போனீர்கள். அவர் டி5க்கு வந்தார், உங்களுக்கு மூவ் இல்லை. அதற்குப் பதிலாக எஃப்3க்குப் போயிருந்தால்? அங்கிருந்தும் இ4 சிப்பாயைத் தாக்கலாம். அவர் அதைக் காப்பாற்ற டி5க்கு வந்தே ஆகவேண்டும். இப்போது நீங்கள் எஃப்4. அதே படம், கட்டத்துக்குக் கட்டம் அதே காய்கள், ஆனால் முறை அவருடையது. அவர் ராஜா எங்கே விலகினாலும் இ4 உங்களுக்கு. டி5க்கு வராமல் டி6க்குப் போய் உங்கள் சிப்பாயைத் தாக்கினாலும் பயமில்லை. நீங்கள் இ4ஐ எடுத்த கையோடு இ5ஐயும் காத்துக்கொண்டு நிற்பீர்கள்.

நேர்வழி தோல்வி, சுற்றுவழி வெற்றி. ஒரே ஒரு கட்டம் வித்தியாசம்.

4 மே, காலை 7.30

தூங்கி எழுந்ததும் இதற்கென்றே தனியாக ஒரு பெயர் இருப்பது நினைவுக்கு வந்தது: ட்ரெபுஷே. பிரெஞ்சுச் சொல், கோட்டைகளின் மேல் கல் எறியும் பழைய போர்ப்பொறியின் பெயர். ஒரே இடத்தில் முட்டி நிற்கும் இரண்டு சிப்பாய்கள், ஆளுக்கொரு பக்கம் ராஜாக்கள், யார் முறையோ அவர் தோற்பார். வெள்ளையின் முறை என்றால் வெள்ளை, கறுப்பின் முறை என்றால் கறுப்பு. இரண்டு பக்கத்தையும் கடிக்கும் இந்த வகையை இருதரப்பு ஸுக்ஸ்வாங் என்பார்கள். அதிலும் ட்ரெபுஷேதான் கொடியது. முக்கால்வாசி இருதரப்பு ஸுக்ஸ்வாங்கில் ஒருவர் முறை என்றால் வெற்றி, மற்றவர் முறை என்றால் டிரா என்று முடியும். இங்கே டிரா என்ற பேச்சே இல்லை.

4 மே, இரவு 8.20

"எனக்கு மிட்கேமிலேயே எல்லாக் காயும் லாக் ஆகிவிடுகிறது, அதுவும் ஸுக்ஸ்வாங்தானே" என்று ஒரு தம்பி கேட்கிறார்.

இல்லை தம்பி. இந்தச் சொல்லை இப்படி இறைத்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கிளப்பில் யாராவது நெருக்கடியில் மாட்டினால் உடனே "ஸுக்ஸ்வாங்" என்று கூவுகிறார்கள். நெருக்கடி வேறு, இது வேறு. சோதனை ஒன்றே ஒன்று: "இந்த ஒரு முறை நான் நகர்த்தவில்லை, நீயே ஆடு" என்று சொல்ல அனுமதி கிடைத்தால் நீ பிழைப்பாயா? பிழைப்பாய் என்றால் அது ஸுக்ஸ்வாங். சும்மா இருந்தாலும் எதிராளி அடுத்த நகர்த்தலில் உன்னை முடித்துவிடுவான் என்றால் அது சாதாரண மிரட்டல். நீ ஏற்கெனவே தோற்றுவிட்டாய், முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி கேட்டவரின் நிலையில் இதைப் போட்டுப் பாருங்கள். அவர் "பாஸ்" சொல்ல முடிந்திருந்தால் வெள்ளைதான் விலகியிருக்க வேண்டும். ஆட்டம் தலைகீழ். சுத்தமான ஸுக்ஸ்வாங்.

5 மே, இரவு 11.05

நேற்றைய சோதனையைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே ஆட்டத்தைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்: சேமிஷ் (வெள்ளை) – நிம்ஸோவிச் (கறுப்பு), கோபன்ஹேகன், 1923. "சாகாவரம் பெற்ற ஸுக்ஸ்வாங் ஆட்டம்" என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. அதற்கு இந்தச் சோதனை பொருந்துமா?

கடைசி நகர்த்தலுக்கு முந்தைய நிலையைச் சொல்கிறேன். வெள்ளை: ராஜா ஹெச்1, ராணி இ3, யானைகள் இ1, ஜி1, மந்திரிகள் (பிஷப்) டி2, ஜி2, குதிரை பி1, சிப்பாய்கள் ஏ2, பி2, டி4, ஜி3, ஹெச்3. கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி7, யானைகள் எஃப்2, எஃப்5, மந்திரிகள் டி3, டி6, சிப்பாய்கள் ஏ6, பி4, டி5, இ4, இ6, ஜி7, ஹெச்7. வெள்ளையிடம் ஒரு குதிரை அதிகம், அதற்கு ஈடாகக் கறுப்புக்கு இரண்டு சிப்பாய். இங்கே நிம்ஸோவிச் 25ஆவது நகர்த்தலாக ஹெச்7இல் இருந்த சிப்பாயை ஹெச்6க்குத் தள்ளினார். செக் இல்லை, காயை வெட்டவில்லை. சேமிஷ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பாருங்கள். குதிரை ஏ3க்கோ சி3க்கோ போனால் பி4 சிப்பாய் வெட்டும். டி2 மந்திரி சி1க்குப் போனால் இ1 யானை பி1ஐக் காப்பது அறுந்துபோய் குதிரை செத்தது. இ1 யானை டி1க்கோ சி1க்கோ விலகினால் கறுப்பு யானை இ2க்கு வந்து நிற்கும், ராணிக்கு ஓட இடமில்லை. ராஜா ஹெச்2க்குப் போனால் ஜி2 மந்திரி கட்டுண்டு போகும் (விலகினால் ராஜாவுக்குச் செக், அதனால் அசைய முடியாது). உடனே எஃப்5 யானை எஃப்3க்கு வந்து ராணியைப் பிடிக்கும். ஜி4 என்று சிப்பாயைத் தள்ளினால் அதுதான் அழகு: யானை எஃப்3, மந்திரி வெட்ட, மற்ற யானை ஹெச்2இல் மேட். ஜி3 சிப்பாய் விலகியதால் டி6 மந்திரியின் கோடு ஹெச்2 வரை திறந்துவிட்டது.

மிச்சம் ஏ, பி, ஹெச் வரிசைச் சிப்பாய்களின் சில்லறை நகர்த்தல்கள். அவை தீரும்வரை காத்திருக்கக் கறுப்புக்கு நேரம் உண்டு.

6 மே, காலை 6.50

விட்ட இடத்திலிருந்து. என் சோதனையைப் போட்டால் இந்த ஆட்டம் தேறாது. ஹெச்6க்குப் பிறகு வெள்ளை "பாஸ்" சொன்னாலும் கறுப்பு யானை எஃப்3க்கு வரும். மந்திரி வெட்ட, மற்ற யானை திருப்பி வெட்ட, ராணிக்குப் போக்கிடம் இல்லை. முன்பு ஜி5 என்று ஒரு சந்து இருந்தது. ஹெச்6 அதை அடைத்துவிட்டது. ஆக, அந்தச் சின்னச் சிப்பாய் காத்திருந்ததோடு நிற்கவில்லை, மிரட்டவும் செய்தது. இந்தக் காரணத்தாலேயே இதை ஸுக்ஸ்வாங் என்று ஒப்பாதவர்கள் வெகுகாலமாக இருக்கிறார்கள். நானும் அவர்கள் கட்சி.

அதனால் ஆட்டத்தின் மதிப்பு துளியும் குறையவில்லை. பலகை நிறையக் காய்கள் இருக்கும்போது, ராணி, ரெண்டு யானை, ரெண்டு மந்திரி, குதிரை எல்லாம் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் எதையும் தொட முடியாமல் உட்கார்ந்திருக்கும் காட்சியை வேறெங்கே பார்க்க முடியும்? நான் முதன்முதலில் காய்களை வைத்து ஆடிப் பார்த்த அன்று ஜி4 – எஃப்3 – ஹெச்2 மேட் வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

7 மே, இரவு 9.40

அக்கா பையன் இதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா பாஸ் சொல்லக்கூடாது? கோ ஆட்டத்தில் சொல்லலாமே" என்றான். நல்ல கேள்வி. கல் வைத்து ஆடும் அந்தக் கோ ஆட்டத்தில் பாஸ் உண்டு. அதனால் சதுரங்கத்தில் உள்ள அர்த்தத்தில் ஸுக்ஸ்வாங் அங்கே பிறக்க வழியில்லை. சதுரங்கத்தில் உன் முறை வந்தால் நகர்த்தியே ஆகவேண்டும். இந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் எண்ட்கேமில் பாதி சரிந்துவிடும். வெள்ளை ராஜா இ4, சிப்பாய் இ3, கறுப்பு ராஜா இ6. கறுப்பின் முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி, வெள்ளையின் முறை என்றால் டிரா. பாஸ் இருந்தால் இரண்டு பேரும் விடியவிடிய "நீ ஆடு, நீ ஆடு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதையே சிப்பாய் இ2இல் இருப்பதாக வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெள்ளையின் முறை. சிப்பாயை இ3க்குத் தள்ளினான், கறுப்பு ராஜா வழிவிட வேண்டியதாயிற்று. "அப்போ நான் பாஸ் சொல்லிட்டேன்" என்றான். ஆமாம், சட்டப்படியான பாஸ் அதுதான்.

8 மே, மதியம் 1.10

ஆடுபுலி ஆட்டத்தை யாரோ இழுத்துவிட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். மூன்று புலி, பதினைந்து ஆடு. எங்கள் ஊர்ப் பக்கக் கோயில் மண்டபங்களில் கல் தரையிலேயே கோடு வெட்டி வைத்திருப்பார்கள். அங்கே புலிகளுக்கு நகர இடமே இல்லாமல் போனால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். ஸ்டேல்மேட் என்றால் டிரா என்ற சலுகை புலிக்குக் கிடையாது. சீனச் சதுரங்கத்திலும் அப்படித்தான், நகர்த்த முடியாதவர் தோற்றவர். நம் சதுரங்கத்திலேயே இந்த விதி ஒரே மாதிரி இருந்ததில்லை. இங்கிலாந்தில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஸ்டேல்மேட் கொடுத்தவர்தான் தோற்றவர். 19ஆம் நூற்றாண்டில்தான் டிரா என்று நிலைத்தது.

ஆனால் ஆடுபுலியில் ஸுக்ஸ்வாங் புலிக்கு வருவதைவிட ஆட்டுக்குத்தான் அதிகம் வரும் என்பது என் அனுபவம். பதினைந்து ஆட்டையும் இறக்கும்வரை கவலை இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை வைக்கலாம். கடைசி ஆடு இறங்கியதும் இருப்பதில் ஒன்றை நகர்த்தியே ஆகவேண்டும். சந்தில்லாமல் கட்டிய வேலியிலிருந்து ஒன்றை உருவினால் அந்த ஓட்டை வழியாகப் புலி தாண்டும். எங்கள் தாத்தா ஓரத்தில் ஒரு ஜோடி ஆட்டை எப்போதும் சும்மா விட்டு வைப்பார். மற்ற ஆடுகள் அசையாமல் நிற்க, அவை இரண்டும் மாறிமாறி நகரும்.

10 மே, இரவு 10.30

தாத்தாவின் அந்த ஓர ஆடுகளிலிருந்து நேராக ஏ2 சிப்பாய்க்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இரண்டு நாளாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி முடித்த புதிதில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த டோர்னமென்ட். பந்தி மேஜைகளில் ரெக்ஸின் போர்டுகளை விரித்திருந்தார்கள். ஃபேன் காற்றில் போர்டின் ஓரம் சுருண்டு சுருண்டு எழும், ஸ்கோர்ஷீட்டை வைத்து அழுத்திக்கொண்டு ஆடினோம். எதிரே ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு பெரியவர். அவருக்கு வெள்ளை. ராஜா பக்கம் சிப்பாய்கள் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன, நடுவில் ராஜாக்கள் நேருக்கு நேர். இரண்டு பேருமே விலக முடியாது. மிச்சம் இருந்தது ஏ வரிசை மட்டும்: அவர் சிப்பாய் ஏ2, என்னுடையது ஏ6. அவர் முறை.

நான் கணக்குப் போட்டேன்: அவர் ஏ4 தள்ளினால் நான் ஏ5, அடைத்தாயிற்று, அவர் ராஜாதான் விலக வேண்டும். அவர் வெகுநேரம் பலகையைப் பார்க்கவே இல்லை, சோடாவைக் குடித்து முடித்தார். பிறகு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். ஏ3. நான் ஏ5. அவர் ஏ4. அடைபட்டது, முறை என்னுடையது. ராஜாவை விலக்கினேன், அவர் உள்ளே வந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் அவர் காய்களை மறுபடி அடுக்கி, என் சிப்பாயை மட்டும் ஏ5இல் வைத்தார். "இப்ப என்ன ஆடணும் தம்பி?" என்றார். இப்போது ஏ3 தள்ளினால் நான் ஏ4, வெள்ளைக்கு மூவ் இல்லை. ஆகவே நேரே ஏ4. எதிராளி ஏ5இல் இருந்தாலும் ஏ6இல் இருந்தாலும், வீட்டை விட்டுக் கிளம்பாத சிப்பாய்க்கு ஒன்றா இரண்டா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. ஒருமுறை ஏ3க்கு வந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. "முப்பது மூவுக்கு முன்னாடியே இதைத் தொடாம வெச்சிருந்தேன்" என்றார். ஸுக்ஸ்வாங் கடைசியில் தானாக வந்து விழுவதில்லை, மிட்கேமிலேயே அதற்குச் சேமித்து வைக்கிறார்கள் என்பது எனக்கு அன்று அந்த மேஜையில்தான் உறைத்தது.

11 மே, காலை 8.00

மறுபரிசீலனை ஒன்று. மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் ஹெச் சிப்பாயைத் தொடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ராஜாவுக்கு மூச்சுவிட ஒரு கட்டம் வேண்டும், முதல் வரிசையில் மேட் வாங்கிவிட்டு உபரி நகர்த்தலைச் சேமித்தேன் என்று சொல்வதில் பயனில்லை. நான் சொல்வது, வேறு ஆட ஒன்றும் தோன்றாதபோது கை தானாக ஏ3, ஹெச்3 என்று போகிறதே, அதைத்தான். அப்படித் தள்ளும் ஒவ்வொரு சிப்பாயும் எண்ட்கேமில் உங்களிடம் இருந்திருக்க வேண்டிய ஒரு பாஸ்.

13 மே, இரவு 9.55

நிம்ஸோவிச் பற்றி இன்னும் ஒன்று. சேமிஷை அப்படிக் கட்டிப்போட்டு ஏழு வருடம் கழித்து, 1930இல், இத்தாலியில் சான் ரெமோ போட்டியில் அப்போதைய உலகச் சாம்பியன் அலெகைன் அவரைக் கட்டிப்போட்டார். சி வரிசையில் இரண்டு யானைகளையும் முன்னால் நிறுத்தி, ராணியை அவற்றுக்குப் பின்னால் சி1இல் வைத்தார் அலெகைன். "அலெகைன் பீரங்கி" என்று இந்த வரிசைக்கே பெயர் வந்துவிட்டது. குறி சி6இல் கட்டுண்டு நிற்கும் கறுப்புக் குதிரை. ஏ4 மந்திரி அதைப் பிடித்துவைத்திருக்கிறது, பி5 என்று சிப்பாய் தள்ளினால் குதிரை போச்சு என்பது மிரட்டல். கறுப்பு தன் காய்கள் அத்தனையையும் அதன் காவலுக்குக் குவித்து, கடைசியாக ராஜாவையும் டி8க்கு நடத்திக் கூட்டி வந்தது. எல்லாம் சரியாகத் தாங்கிக்கொண்டு நின்றன. 30ஆவது நகர்த்தலில் அலெகைன் ஹெச்4 தள்ளினார். நிம்ஸோவிச் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தாங்கும் காய்களில் எதை எடுத்தாலும் கட்டு அவிழும். சில சிப்பாய் நகர்த்தல்கள் மிச்சம், அவை தீர்ந்ததும் அவிழ்த்தே ஆகவேண்டும். என் சோதனைக்கு இந்த ஆட்டம் சேமிஷ் ஆட்டத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது. 1923இல் ஹெச்6, 1930இல் ஹெச்4. அவரை உயர்த்தியதும் கவிழ்த்ததும் ஓரச் சிப்பாய் ஒன்றின் அசைவு.

13 மே, இரவு 10.20

சேமிஷ் என்ன ஆனார் என்று கேட்டீர்கள். ரொம்ப நாள் ஆடினார். கடிகாரத்தோடு அவருக்கு ஒத்துப்போகவே இல்லை. 1969இல் ஸ்வீடனில் லின்ஷாப்பிங் போட்டியில் ஆடிய 13 ஆட்டத்திலும் நேரம் தீர்ந்தே தோற்றார். அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நல்ல நகர்த்தலைத் தேடிக்கொண்டே இருப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன், பாவமாகத்தான் இருக்கிறது. நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதிக்குப் பல் கொடுத்ததே கடிகாரம்தான்.

16 மே, மாலை 5.30

"என்ஜின் முதலில் ஒரு மதிப்பைக் காட்டிவிட்டு திடீரென மாற்றிக்கொள்கிறதே, ஸுக்ஸ்வாங் அதற்குத் தெரியாதா?" நியாயமான சந்தேகம். பின்னணி இதுதான். என்ஜின்கள் (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்கள்) தேடலைச் சுருக்க ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன: "என் முறையை நான் விட்டுக்கொடுத்தாலும் என் நிலை நன்றாகத்தான் இருக்கிறதா?" என்று பார்ப்பது. அப்படி என்றால், நிஜமாக ஒரு நகர்த்தல் ஆடினால் இன்னும் நன்றாகத்தானே இருக்கும் என்று அந்தக் கிளையை அதோடு வெட்டிவிடும். பெயர் நல் மூவ் (null move, வெற்று நகர்த்தல்). மிட்கேமில் பிரமாதமாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே ஏதாவது ஆடுவது சும்மா இருப்பதைவிடப் பெரும்பாலும் மேல்.

ஸுக்ஸ்வாங்கில் இந்த நம்பிக்கையே பொய். சும்மா இருந்தால் பிழைப்பேன், ஆடினால் செத்தேன் என்பதுதானே நிலை? அதனால் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் அந்தக் குறுக்குவழியை மூடிவிடும்படி எழுதுகிறார்கள். சில என்ஜின்கள் வெட்டுவதற்கு முன் இன்னொரு தடவை சரிபார்க்கும். நான் 4ஆம் தேதி சொன்ன "பாஸ்" சோதனையும் என்ஜினின் குறுக்குவழியும் ஒரே கேள்விதான். அதற்கு அது வேகம், நமக்கு அது விளக்கம். ஏழு காய் வரை சந்தேகம் என்றால் லிச்செஸ் இணையதளத்தில் டேபிள்பேஸ் (எல்லா நிலைக்கும் முடிவு கணக்கிட்டு வைத்த பட்டியல்) இருக்கிறது, முறையை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இருதரப்பு ஸுக்ஸ்வாங் எது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

18 மே, இரவு 8.45

இது எவ்வளவு பழசு என்ற கேள்விக்கு. சொல் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் சதுரங்கப் பத்திரிகைகளில் ஓடியது. விஷயம் அதைவிடப் பல நூறு வருடம் மூத்தது. இத்தாலிக்காரர் போலேரியோ 1585 வாக்கில் அமைத்து, சால்வியோ 1604இல் அச்சிட்ட ஒரு புதிரை நான் வகுப்புகளில் இன்றும் போடுகிறேன். வெள்ளை தன் யானையை ஏ1இல் கொண்டுபோய் பலி கொடுக்கிறது. கறுப்பு ராஜா அதை வெட்டுகிறது. வெள்ளை ராஜா சி2க்கு வந்து நிற்கிறது. இப்போது கறுப்பு ராஜா மூலையில், ஏ2இல் நிற்கும் தன் சிப்பாய்க்குப் பின்னாலேயே அடைபட்டுவிட்டது. மிச்சம் இருக்கும் ஒரே நகர்த்தல் ஜி5. தள்ளியே ஆகவேண்டும். வெள்ளைச் சிப்பாய் அதை ஹெச்4இலிருந்து வெட்டிக்கொண்டு ஓடுகிறது, கறுப்பு ஹெச் சிப்பாயும் ஓடுகிறது. வெள்ளை ஜி8இல் ராணி, கறுப்பு ஹெச்1இல் ராணி. உடனே வெள்ளை ராணி ஜி7: மூலைவிட்டத்தின் கடைசியில் நிற்கும் ராஜாவுக்கு மேட்.

கறுப்புக்கு ஸ்டேல்மேட் ஆகாமல் தடுப்பது அந்த ஜி சிப்பாய். கறுப்பைக் கொல்வதும் அதே சிப்பாய். அது இல்லையென்றால் டிரா. பிள்ளைகள் இந்த இடத்தில் "ஐயோ" என்று ஒரே குரலில் கத்துவார்கள்.

19 மே, காலை 7.15

பழசு என்று பேச ஆரம்பித்தபின் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோரை விட முடியாது. ராணிக்கு எதிராக யானை, 1777. வெள்ளை ராஜா சி6, ராணி ஏ5. கறுப்பு ராஜா பி8, யானை பி7. கறுப்பின் முறை என்றால் யானை ராஜாவை விட்டுப் பிரிந்தே ஆகவேண்டும், பிரிந்தால் செக் கொடுத்துக் கொடுத்தே அதைப் பிடித்துவிடலாம். யானை ஹெச்7க்கு ஓடினால் ராணி இ5 செக், ராஜா ஏ8, ராணி ஏ1 செக், ராஜா பி8, ராணி பி1 செக், அடுத்து ஹெச்7.

வெள்ளையின் முறை என்றால் என்ன செய்வது? அதே நிலையை முறை மாற்றி எதிராளியிடம் கொடுக்க வேண்டும். ராணி இ5 செக், ராஜா ஏ7, ராணி ஏ1 செக், ராஜா பி8, ராணி ஏ5. கிளம்பிய இடத்துக்கே வந்தாயிற்று, ஆனால் முறை கறுப்புக்கு. ராணி முக்கோணமாகச் சுற்றி ஒரு நகர்த்தலைத் தொலைத்துவிட்டு வந்தது. டெம்போ தொலைப்பது என்று இதைத்தான் சொல்வார்கள்.

1 ஜூன், இரவு 9.20

"முக்கோணம் எல்லாக் காயாலும் போட முடியுமா?" கடைசியாக வந்த கேள்வி, இந்த வரிசையிலேயே எனக்கு மிகப் பிடித்தது. ராஜா, ராணி, யானை, மந்திரி நான்காலும் முடியும். குதிரையால் முடியவே முடியாது. குதிரை ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறத்தை மாற்றும். கிளம்பிய கட்டத்துக்குத் திரும்ப எப்போதும் இரட்டைப்படையில்தான் தாவல்கள் ஆகும், ஒன்றைத் தொலைக்க வழியே இல்லை.

வெள்ளை ராஜா ஏ8, சிப்பாய் ஏ7, எங்கோ தூரத்தில் ஒரு வெள்ளைக் குதிரை. கறுப்பு ராஜா சி7, சி8 என்று இரண்டு கட்டத்துக்குள் மாறிமாறி நடந்து வெள்ளை ராஜாவை மூலையிலேயே பூட்டி வைத்திருக்கிறது. குதிரை வந்து அந்த நடையை மறித்துவிட்டால் கறுப்புக்கு ஸுக்ஸ்வாங், பூட்டு திறந்து சிப்பாய் ராணியாகும். மறிக்க முடியுமா? வெள்ளையின் முறையில் குதிரையும் கறுப்பு ராஜாவும் வேறு வேறு நிறக் கட்டத்தில் இருந்தால் முடியும். கறுப்பு ராஜா சி7இல் இருக்கும்போது குதிரை இ7க்கு வந்து சேரும், சி8 அடைபடும், ராஜா விலகியே தீர வேண்டும். ஒரே நிறத்தில் இருந்தால் டிரா. குதிரை பலகை முழுக்கச் சுற்றி வந்தாலும், நூறு தாவல் தாவினாலும், கறுப்பு ராஜாவும் ஒவ்வொரு முறையும் நிறம் மாற்றிக்கொண்டே இருப்பதால் கணக்கு அப்படியேதான் நிற்கும்.

ஆகவே இந்த எண்ட்கேமுக்குள் நுழையும் முன், கடைசிக் காயை வெட்டும் இடத்திலேயே குதிரை எந்த நிறக் கட்டத்தில் நிற்கும் என்று பாருங்கள். வெட்ட இரண்டு வழி இருந்தால் சரியான நிறத்துக்குக் கொண்டுபோகும் வழியை எடுங்கள். உள்ளே போன பிறகு அதை மாற்ற முடியாது.